வெயிலிலும் மழையிலும் வெல்க்ரோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீட்டுக்கு வெளியே பசை வெல்க்ரோ ஒட்டுவதைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். பட்டையின் சொரசொரப்பான பாதியைக் கொக்கிப் பட்டை என்றும், மெத்தென்று இருக்கும் பாதியைக் கண்ணிப் பட்டை என்றும் பதில்களில் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: சன்னல் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் பசை வெல்க்ரோ ஒட்டிக் கொசுவலை மாட்டியிருந்தோம். குளிர்காலம் முழுவதும் அசையாமல் இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியதும் மேல்விளிம்பில் பட்டை சட்டத்தை விட்டே கழன்று தொங்குகிறது. அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது, மறுநாள் மதியம் மறுபடியும் விழுந்துவிடுகிறது. தரமில்லாத பட்டையை வாங்கிவிட்டோமா?

பதில்: கழன்ற பட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள், எங்கே பிழை என்பதை அதுவே சொல்லிவிடும். பசை முழுவதும் பட்டையோடு வந்து, சட்டம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தால், ஒட்டும்போது சட்டத்தில் தூசியோ எண்ணெய்ப்பசையோ ஈரமோ இருந்திருக்கிறது என்று பொருள். பசை முழுவதும் சட்டத்திலேயே தங்கிப் பட்டை மட்டும் வெறுமையாக வந்திருந்தால், பசைக்கும் பட்டையின் துணிக்கும் இடையிலான பிடிப்பு அழிந்துவிட்டது; பழசாகிப்போன பட்டையிலும் மலிவான பட்டையிலும் இதைக் காணலாம். பசை இருபக்கமும் பாதி பாதியாகப் பிரிந்து, இழுக்கும்போது நூல் நூலாக நீண்டால், அது வெப்பத்தில் இளகியிருக்கிறது. மதியத்தில் விழுந்து, அழுத்தினால் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றாவது வகைதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் பட்டை தரமற்றது என்று சொல்ல முடியாது, வீட்டுக்குள் ஒட்ட வேண்டியதை வெளியில் ஒட்டியிருக்கிறீர்கள்.

பசை வெல்க்ரோவின் முதுகில் பெரும்பாலும் இரண்டு வகைப் பசைகளில் ஒன்று இருக்கும். ரப்பரை அடிப்படையாகக் கொண்ட பசை தொட்டவுடன் கவ்விக்கொள்ளும் என்பதால் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும். ஆனால் வெப்பம் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்த வகையில் பெரும்பாலானவை இளகத் தொடங்கும். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகிப் பிறகு காய்ந்து பொடியும். அக்ரிலிக் பசையோ முதல் தொடுகையில் சற்று மந்தமாகவே தெரியும். சில மணி நேரம் சென்ற பிறகுதான் அதன் பிடி இறுகும், இறுகிய பின் வெயிலையும் வெப்பத்தையும் ஈரத்தையும் ரப்பர் பசையைவிடப் பல மடங்கு தாங்கும். நேர்வெயில் படும் அடர்நிற உலோகச் சட்டம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும் என்பதால், சன்னலுக்கு வெளியே ரப்பர் பசையை நம்ப இடமே இல்லை.

புதிதாக அக்ரிலிக் பசைப் பட்டை வாங்கி ஒட்டும்போது, பட்டையின் தரத்தைவிட ஒட்டும் முறையே முக்கியம் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய பசையை முற்றிலும் நீக்கிவிட்டு, சட்டத்தைச் சோப்புநீரால் கழுவிக் காயவிடுங்கள்; பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த நீரில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்குப் படிவது நிற்கும் வரை துடையுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயும் தின்னரும் இந்த வேலைக்கு ஆகாது: முன்னது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், பின்னது சட்டத்தின் வண்ணப்பூச்சையே கரைத்துவிடும். சட்டம் சுவரோடு சேரும் ஓரத்தில் சிலிக்கோன் அடைப்பு பூசப்பட்டிருந்தால் அதன்மேல் பட்டையை ஒட்டவே ஒட்டாதீர்கள், எந்தப் பசையும் அதன்மீது நிற்காது.

ஒட்டும் நேரமாகக் காலையையோ மாலையையோ தேர்ந்தெடுங்கள். சட்டம் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருப்பது நல்லது, 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அக்ரிலிக் பசை மேற்பரப்பில் பரவாமல் விறைத்து நிற்கும். பாதுகாப்புத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, பசையில் விரல் படாமல், பட்டையை இழுத்து நீட்டாமல் வையுங்கள். நீட்டி ஒட்டிய பட்டை பழைய நீளத்துக்குச் சுருங்க முயன்று தன் முனைகளைத் தானே கிளப்பிவிடும். வைத்தபின் கடினமான உருளையாலோ கரண்டியின் முதுகாலோ முழு நீளத்துக்கும் அழுத்தித் தேயுங்கள், ஏனெனில் இந்த வகைப் பசை அழுத்தத்தால்தான் ஒட்டுகிறது.

இதற்குப் பிறகுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கொக்கியையும் கண்ணியையும் சேர்த்து மூடிய நிலையில் ஒட்டுவதும், ஒட்டிய கையோடு வலையை மாட்டிச் சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதும் பிழை. மூடிய பட்டையில் உங்கள் அழுத்தத்தைக் கண்ணிகளின் மெத்தை வாங்கிக்கொள்ளும், பசைக்கு அது போய்ச் சேராது; இறுகாத பசையை வைத்துக்கொண்டு வலையைப் பிரித்தால் பட்டைதான் பிரிந்து வரும். கொக்கிப் பட்டையை மட்டும் சட்டத்தில் ஒட்டி ஒருநாள் முழுவதும் விட்டுவிடுங்கள். அறை வெப்பத்தில் நல்ல அக்ரிலிக் பசை 24 மணி நேரத்தில் தன் வலிமையில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டும், முழு வலிமைக்கு 72 மணி நேரம் ஆகும். கண்ணிப் பட்டையை வலையின் ஓரத்தில் ஒட்டாமல் தைத்துவிடுவது நல்லது. வலையில் கொக்கி இருந்தால் துவைக்கும்போது வலையையே அது கடிக்கும் என்பதால், கொக்கி சட்டத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: உறையின்மேல் "வெளிப்பயன்பாட்டுக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பி வாங்கலாமா? நைலான், பாலியெஸ்டர் என்று கடைக்காரர் இரண்டு வகை காட்டுகிறார். தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை.

பதில்: அந்த வாசகம் பெரும்பாலும் பசையைப் பற்றியது. கொக்கியும் கண்ணியும் எந்த இழையால் ஆனவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைலான் நெகிழ்ந்து மீளும் தன்மை மிக்கது. ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினாலும் அதன் கொக்கி வளைந்து பழைய வடிவுக்கு வந்துவிடும், ஆகவே பைக்கும் காலணிக்கும் அதுவே பொருத்தம். ஆனால் அது ஈரத்தை விரும்பும் இழை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறிஞ்சுவது 0.4 விழுக்காடு அளவுதான். புற ஊதாக் கதிரைத் தாங்குவதிலும் பாலியெஸ்டரே மேல். திறந்து மூடும் எண்ணிக்கையில் அது நைலானுக்கு ஈடாகாது என்பது உண்மை, ஆனால் பருவத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டும் வலைக்கும் திரைக்கும் அந்தக் குறை ஒரு பொருட்டன்று. ஆகவே நிரந்தரமாக வெளியில் இருப்பதற்குப் பாலியெஸ்டர் இழையும் அக்ரிலிக் பசையும் சேர்ந்த பட்டை, தினமும் திறக்கும் பைக்கு நைலான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையில் பசை வகையோ இழை வகையோ குறிப்பிடப்படவில்லை என்றால், அதை வீட்டுக்குள் பயன்படுத்தும் பட்டையாகவே கொள்வேன்.

கேள்வி: நைலான் வெல்க்ரோ மழையில் நனைந்தால் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது, தளரும். நீர் ஏறிய நைலான் கொக்கி மிருதுவாகி எளிதில் வளைந்து கொடுப்பதால் பிடிப்பு பாதியளவுக்குக்கூடக் குறையலாம், காய்ந்ததும் திரும்பிவிடும். ஆனால் மழையும் காற்றும் சேர்ந்தே வரும் என்பதால், பிடி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது தளர்ந்து நிற்கும்.

கேள்வி: மாடி முகப்பில் வெயில் தடுப்புத் துணி கட்ட வேண்டும். சுவர் செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும். மேலே வண்ணம் அடித்திருக்கிறது. துளை போட்டுச் சுவரைக் கெடுக்க மனமில்லை. அகலமான பசை வெல்க்ரோவைச் சுவரில் ஒட்டித் துணியை மாட்டலாமா?

பதில்: வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு நயமாகச் சுற்றி வளைத்துப் பதில் சொல்லப் பார்த்தேன், வழியில்லை.

முதலில் சுவரைப் பாருங்கள். பூச்சுச் சுவரின் மேற்பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் மேடும் பள்ளமுமாக இருப்பதால், பட்டையின் பசை மேடுகளை மட்டுமே தொடுகிறது. பரப்பில் பெரும்பகுதி காற்றில்தான் இருக்கிறது. வண்ணம் அடித்த சுவரில் பசை பற்றியிருப்பது வண்ணத்தை, வண்ணம் பற்றியிருப்பது பூச்சை. இந்தச் சங்கிலியில் மிக மெலிந்த கண்ணி எதுவோ அதுதான் முதலில் விடும், சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் சுவர்களில் அது வண்ணமாகவே இருக்கும். புதிய சிமெண்டு பூச்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் காரத்தன்மை மிகக் கடுமையானது, 12-க்கும் மேற்பட்ட பிஎச் அளவு கொண்டது. ஈரத்தோடு சேர்ந்து அந்தக் காரம் பசையைக் கெடுப்பதோடு, சற்றுமுன் நான் புகழ்ந்த பாலியெஸ்டர் இழையையும் காலப்போக்கில் அரிக்கும்.

அடுத்தது காற்று. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 14 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகி 56 கிலோவை எட்டும். துளைகள் உள்ள துணி இதில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும் என்றாலும், துணி படபடப்பதால் வரும் இழுப்பு இதைவிடக் கொடியது. வெல்க்ரோவானாலும் பசையானாலும் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் அளவுக்கு உரிப்பைத் தாங்காது. ஒட்டிய சுவரொட்டியைக் கிழிக்க வருபவர் நடுவில் கை வைப்பதில்லை, ஓரத்தில் நகத்தைக் கொடுக்கிறார். படபடக்கும் துணி நாள் முழுவதும் அதைத்தான் செய்கிறது.

துளை போடக் கூடாது என்றால், சுவரை விட்டுவிட்டுக் கைப்பிடிக் கம்பியையோ தூணையோ நாடுங்கள். ஒருபுறம் கொக்கியும் மறுபுறம் கண்ணியுமாகப் பசையே இல்லாமல் வரும் கட்டுப்பட்டைகளைக் கம்பியைச் சுற்றித் துணியின் வளையங்களுக்குள் கோத்துக் கட்டினால், பசையின் கவலையே இல்லை. குறுகலாக நிறையப் பட்டைகள் இடுவதைவிட அகலமான பட்டைகளை மூலைகளிலும் நடுவிலும் இட்டு, கொக்கியும் கண்ணியும் ஒன்றன்மேல் ஒன்று உள்ளங்கை அகலத்துக்காவது படியும்படி சுற்றுங்கள். அப்போது இழுப்பு பக்கவாட்டில் விழும். துளை போட ஒப்புக்கொண்டீர்கள் என்றால், மரச்சட்டம் ஒன்றைத் திருகாணியால் சுவரில் பதித்து, அதன்மேல் பசையில்லாத கொக்கிப் பட்டையை ஸ்டேப்பிள் முள்ளால் அடித்துத் துணியை மாட்டலாம். புயல் எச்சரிக்கை வந்தால் எப்படியும் துணியைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அதற்கு வெல்க்ரோவைவிட வசதியான கட்டு வேறில்லை.

கேள்வி: சூரிய ஒளி விளக்கு ஒன்றைத் தோட்டத்திலுள்ள பிளாஸ்டிக் நீர்த்தொட்டியின் பக்கத்தில் ஒட்ட முயன்றேன். நீங்கள் முன்பொருமுறை எழுதியபடி துடைத்தேன், அழுத்தினேன், ஒருநாள் காத்திருந்தேன். ஆனாலும் விரலால் தள்ளியவுடன் பட்டை தாள்போலக் கழன்றுவிட்டது.

பதில்: குறை உங்களுடையது அன்று. தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. பசை ஒரு பரப்பில் ஒட்ட வேண்டுமானால் அதன்மேல் ஈரம்போலப் பரவ வேண்டும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் எதையும் தம்மேல் பரவவிடாத குறைந்த பரப்பாற்றல் கொண்ட பிளாஸ்டிக்குகள். கண்ணாடி, உலோகம், ஏபிஎஸ், பாலிகார்பனேட் என்னும் கடின பிளாஸ்டிக்குகள் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஒட்டுவதற்கு முன் ஒரு துளி தண்ணீரை விட்டுப் பார்க்கலாம்: துளி பரவினால் நம்பிக்கை உண்டு, முத்தாகத் திரண்டு உருண்டால் அங்கே பசையை வீணாக்க வேண்டாம். பொருளின் அடியில் முக்கோண அம்புகளுக்குள் 2, 4, 5 ஆகிய எண்களில் ஒன்று பொறித்திருந்தால் அது இந்த வகையைச் சேர்ந்தது. மணல்தாளால் தேய்ப்பது பெரிதாக உதவாது. இத்தகைய பிளாஸ்டிக்குகளுக்கென்றே முதற்பூச்சும் தனிப்பசையும் விற்கப்படுகின்றன. ஆனால் ஒரு சிறு விளக்குக்கு, தொட்டியின் குழாயைச் சுற்றி மேலே சொன்ன கட்டுப்பட்டையைக் கட்டுவதே செலவும் தொல்லையும் குறைந்த வழி.

மிருதுவான பிவிசி விரிப்பு, அதாவது கூடாரத்துக்கும் வண்டி மூடுதுணிக்கும் பயன்படும் ரெக்சின் போன்ற துணி, இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். முதல் நாள் பிரமாதமாக ஒட்டும். ஆனால் அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் மெல்ல மெல்லப் பசைக்குள் ஊறி, பசையையே கூழாக்கிவிடும். அதில் தையல்தான் வழி.

கேள்வி: அப்படியானால் பசை வெல்க்ரோவையே ஒட்டி, உறுதிக்காக மேலே தையலும் போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். பசை ஊசியில் ஏறி நூலை அறுக்கும், தையல் எந்திரத்தின் உள்ளேயும் படியும். தைப்பதற்கென்று பசையில்லாத பட்டை தனியாகக் கிடைக்கிறது. நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் பட்டைக்கு முன்பே மக்கிவிடும்.

கேள்வி: வெயிலுக்குப் பயந்து, கடைக் கண்ணாடியின் உட்புறத்தில் பசை வெல்க்ரோவை ஒட்டி அறிவிப்புப் பலகையை மாட்டியிருக்கிறேன். அப்படியும் பசை மஞ்சளாகிவிட்டது.

பதில்: வெளியே ஒட்டியிருந்தால் பட்டையின் துணியாவது பசைக்கு நிழல் தந்திருக்கும். உள்ளே ஒட்டும்போது பசையின் முகமே கண்ணாடி வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி புற ஊதாக் கதிரில் குற்றலைப் பகுதியைத் தடுத்தாலும், நெட்டலைப் பகுதியில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். இங்கும் அக்ரிலிக் பசைதான் விடை. பலகை அக்ரிலிக் தகடாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு மீட்டர் நீளத் தகடு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும், கண்ணாடியோ அதில் ஒரு சிறு பங்கே அசையும். முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக ஒட்டாமல், இடைவெளி விட்டுச் சிறு துண்டுகளாக ஒட்டினால் கொக்கிகளின் நெகிழ்ச்சி அந்த அசைவை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: சாதாரண வெல்க்ரோவைவிட உறுதியான, ஆனால் கழற்றி மாட்டக்கூடிய பட்டை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. கொக்கியும் கண்ணியும் இல்லாமல், இரண்டு முகங்களிலும் காளான் குடை வடிவில் சிறு பிளாஸ்டிக் தண்டுகள் நெருக்கமாக நிற்கும் பட்டைகள் இருக்கின்றன; அவற்றில் டூயல் லாக் என்ற பெயர் பரவலாக அறியப்பட்டது. ஒரு முகத்தின் குடைகள் மறுமுகத்தின் குடைகளுக்கிடையே சட்டென்ற ஒலியோடு நுழைந்து சிக்கிக்கொள்ளும். துணிக் கண்ணி இல்லாததால் நீரைத் தேக்கி வைக்காது, நூலும் முடியும் அவ்வளவாகச் சேராது, பிடிப்பும் வெல்க்ரோவைவிடக் கூடுதல். வெளியே மாட்டும் பலகைக்கும் கருவிப் பெட்டிக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அடிக்கடி திறப்பதற்கு ஏற்றதன்று. மெல்லிய பிளாஸ்டிக் பொருளில் ஒட்டிவிட்டுப் பிடுங்கினால் பொருள் விரிசல் விடக்கூடும். வலை, துணி போன்ற மென்பொருள்களுக்கும் இது பயன்படாது.

எஃகால் செய்ததும் உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941-இல் தம் நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்துத் தொடங்கிய இந்தக் கொக்கிச் சிந்தனையை, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் வில் எஃகில் செய்து காட்டினார்கள். சதுர மீட்டருக்கு 35 டன் வரை தாங்கும் என்றும் 800 டிகிரி வெப்பத்திலும் நிற்கும் என்றும் அறிவித்தார்கள். கொசுவலைக்கு அது தேவைப்படாது.

எந்தப் பட்டையானாலும், விழுந்தால் ஒருவரைக் காயப்படுத்தக்கூடிய எடையைத் தலைக்கு மேலே பசையை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பிக் கயிறாவது துணைக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: கொக்கிகளில் தூசியும் நூலும் மயிரும் சேர்ந்து பிடிப்பே இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: கொக்கிகள் நிமிர்ந்துவிடாமல் வளைந்தே இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலோ பேன்சீப்பாலோ கொக்கிகளின் வரிசையோடு சீவி எடுங்கள், ஆழத்தில் சிக்கியதைக் குண்டூசியால் நிமிண்டுங்கள். பிறகு இளஞ்சூடான சோப்புநீரில் தேய்த்து அலசுங்கள். சட்டத்தில் ஒட்டிய பட்டை என்றால் அதன் ஓரங்களில் பிரஷ்ஷை வேகமாக இழுக்காதீர்கள். வலையைக் கழற்றி வைக்கும் மாதங்களில் கொக்கிப் பட்டையின்மேல் கண்ணிப் பட்டைத் துண்டுகளை மூடி வைத்தால் இந்த வேலையே குறையும். கண்ணிகள் பிய்ந்து பஞ்சாகியிருந்தால் மட்டும் கண்ணிப் பாதியை மாற்றுங்கள், பெரும்பாலும் முதலில் தேய்வது அதுதான்.

கேள்வி: பட்டையை எடுத்தபின் வண்ணம் அடித்த கதவில் பசை தடித்துக் கிடக்கிறது. சுரண்டினால் வண்ணம் போகிறது.

பதில்: அடுத்த முறை பட்டையைப் பிடித்துச் செங்குத்தாகப் பிடுங்காதீர்கள். முடி உலர்த்தியால் சூடாக்கி, பட்டைக்கும் கதவுக்கும் இடையே மீன்பிடி நரம்பை நுழைத்து அறுப்பதுபோல இழுத்தால், பசை நடுவில் பிளந்து பட்டை தனியே வரும். தங்கிய பசையை மீண்டும் இளஞ்சூடாக்கிப் பெருவிரலால் உருட்டி எடுங்கள். ரப்பர் பசையானால் பெரும்பகுதி உருண்டு வந்துவிடும். மிச்சத்தின்மேல் சமையல் எண்ணெயைத் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைக்கலாம். அக்ரிலிக் பசை இவ்வளவுக்கு இணங்காது. அதற்கு மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டு, முதலில் கதவின் மறைவான மூலையில் வண்ணம் கரைகிறதா என்று பார்த்தபின் பயன்படுத்துங்கள். அதே இடத்தில் புதுப் பட்டை ஒட்டுவதாக இருந்தால், எண்ணெயும் டர்பன்டைனும் சிறிதும் தங்காதபடி சோப்புநீராலும், முன்சொன்ன ஆல்கஹால் கலவையாலும் கழுவித் துடைத்துவிடுங்கள். கதவுக்குப் புது வண்ணமே அடிக்கப் போகிறீர்கள் என்றால், வண்ணத்திலுள்ள கரைப்பான் முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பட்டையை ஒட்டுங்கள்.